பொந்துக்குள் போன கலவா

எனக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா, ஒன்றில் நான். ஞாயிற்றுக்கிழமைகளும், தறியில் ஒரு பாவு நூல் நெய்து முடிந்து அடுத்த பாவு வருகிற வரைக்கும் கிடைக்கும் சும்மா நாட்களும் எனக்கு ஊர்க் குளத்தில்தான் கழியும். மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சிரட்டை நிறைய மண்புழு. தக்கை ஒரு முறை அமுங்கிவிட்டால் வீடு வாசல் எதுவும் நினைவில் நிற்காது. அடியில் இருப்பது கெண்டையா விராலா, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டும் எனக்கு. குளத்துத் தண்ணீரோ டீ நிறம். வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

இந்தப் பைத்தியத்தால்தான் அக்கா குடும்பத்தோடு எனக்குப் பேச்சு நின்றுபோனது.

அக்காவைப் பரமக்குடியில் கொடுத்திருந்தோம். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். ஆனால் மச்சான் வீட்டுக் குலதெய்வம் எங்கள் பக்கம், அய்யலூர் ஆட்டுச்சந்தை தாண்டி ஒரு கரட்டடியில், சின்னக் குன்றின் அடிவாரத்தில், இருந்தது. மூத்த பையனுக்கு அங்கே காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது வழக்கம். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் முதல் நாளே போய்விட்டார்கள். சீர்த்தட்டும் பையனுக்குப் புதுச்சட்டையும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் நான் கிளம்பி வருவதாக ஏற்பாடு.

கிளம்பினேன். பஸ் ஏறப் போகும் வழியில்தான் குளம். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. ஒரு விரால் வந்து புழுவைத் தொட்டுத் தொட்டுவிட்டுப் போனது. இதோ, இதோ என்று உட்கார்ந்திருந்தேன். நான் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது முகூர்த்தம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துப் பையனுக்குக் காது குத்தி முடித்திருந்தார்கள்.

பஸ் வழியில் நின்றுவிட்டது என்று சொன்னேன். சொன்னதோடு வாயை மூடியிருக்கலாம். "ஒரு செத்த நேரம் பொறுக்க மாட்டீகளா? எம் மடி இருக்க இன்னொருத்தன் மடியா?" என்று கூட்டத்துக்கு நடுவே கத்தினேன். சீர்த்தட்டை அக்கா முன்னால் தரையில் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல் திரும்பி நடந்தேன். தப்பும் என்னுடையது, கோபமும் என்னுடையது. "சாப்பிடாமப் போனவன் வாசலை இனி நான் மிதிக்க மாட்டேன்" என்று மச்சான் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல் பக்கத்துக்காரன் நான். வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டேன். அவரும் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அக்காவுக்கு ஏழு மாதம். இரண்டு மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதைப் பார்க்கக்கூட நான் போகவில்லை. குழந்தைக்குக் காது குத்தும் பேச்சு வந்தபோது அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டா குத்துறேன். இல்லைன்னா வெறுங்காதோட வளரட்டும்." மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. அது முடிந்துவிட்டால் இரட்டைப்படை வயதில் குத்தமாட்டார்கள், ஐந்துக்குத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை வெறுங்காதோடு நடமாடினால் பார்க்கிற அத்தனை பேரும் காரணம் கேட்பார்கள். அதைத்தான் அக்கா எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. எங்கள் இருவரையும் ஊரே கேட்கட்டும் என்று விட்டிருந்தாள்.

அதற்கும் நாங்கள் மசியவில்லை என்றதும் ஒரு மாசி மாதத்தில் எனக்குக் கார்டு போட்டாள். 'உன் மச்சான் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வள்ளம் பிடித்துப் பாருக்குத் தூண்டில் போடப் போகிறார். வள்ளத்தில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது.' அவ்வளவுதான். நலம், நலமறிய ஆவல்கூட இல்லை.

மண்டபம் ராமேஸ்வரத்துக்கு முந்தின கடற்கரை ஊர், பார் என்றால் கடலுக்குள் இருக்கும் பவளப் பாறைத் திட்டு என்பது எனக்குத் தெரியும். கடலைப் பார்த்திருக்கிறேன், ராமேஸ்வரத்தில் கால் நனைத்திருக்கிறேன். ஆனால் கடல் மீனை நான் பார்த்ததெல்லாம் திண்டுக்கல் மார்க்கெட்டில், ஐஸ் பெட்டிக்குள், கண் வெளுத்துப் போய். அது உயிரோடு இருக்கும்போது என்ன நிறத்தில் இருக்கும்? எப்படிக் கடிக்கும்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சமாதானத்துக்காக நான் கிளம்பவில்லை. அந்தக் கார்டைப் பார்த்ததும் மூங்கில் கழியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பரமக்குடியில் இறங்கினேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "வந்துட்டியா, காலைக் கழுவு" என்றாள். குழந்தையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்கா ஜாடை. எண்ணெய் வைத்து வாரிய தலை, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத காது. மச்சான் கூடத்தில் உட்கார்ந்து நைலான் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் குழந்தையிடம், "பாப்பா, காலைல நாலு மணி பஸ்ஸுன்னு மாமாகிட்ட சொல்லு" என்றார். மூன்றடி தூரத்தில் இருந்த நானும் குழந்தையிடமே, "சரின்னு சொல்லு" என்றேன். குழந்தை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போனது.

மண்டபத்தில் வள்ளக்காரர் காத்திருந்தார். மச்சானுக்குப் பழக்கப்பட்டவர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசுவார். என் மூங்கில் கழியையும் மயிலிறகுத் தக்கையையும் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குண்ணே? காது கொடையவா?"

மச்சான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். என் கழி கரையிலேயே, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் அடியில் தங்கிவிட்டது.

பாய் விரித்து ஒன்றரை மணி நேரம் போனோம். வயிற்றைப் புரட்டியது எனக்கு. காட்டிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வள்ளக்காரரிடம், "எலுமிச்சம்பழம் வேணுமான்னு அவரைக் கேளுங்க" என்றார். வள்ளக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாகம்கூட இல்லையேண்ணே. நான் எதுக்கு?"

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். கடலில் ஆழத்தை அப்படித்தான் அளக்கிறார்கள். நாங்கள் நூலை அளப்பதற்கும் அதே கைகள்தான். எலுமிச்சம்பழத்தை யார் கொடுத்தார் என்று பார்க்காமலே வாங்கி முகர்ந்துகொண்டேன்.

பாருக்கு மேல் வந்ததும் வள்ளக்காரர் பாயை இறக்கிக் கல்லைக் கட்டி நங்கூரம் போட்டார். நான் விளிம்பில் குனிந்து பார்த்தேன். அதன் பிறகு எவ்வளவு நேரம் நிமிரவில்லை என்று எனக்கே தெரியாது. அடி தெரிந்தது. நான்கு பாகம் ஆழத்தில் தரை, தண்ணீரே இல்லாததுபோலத் தெரிந்தது. மான் கொம்பு மாதிரி கிளைவிட்ட பாறை, காலிபிளவர் மாதிரி உருண்ட பாறை, நடுநடுவே வெள்ளை மணல். மீன்கள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தன. ஆயுள் முழுக்கத் தக்கையைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தவனுக்கு யாரோ மூடியைத் திறந்து காட்டியது போலிருந்தது.

ஒரு நீலப் பச்சை மீன் கூட்டம் வந்தது. அந்த நிறத்தை எங்கள் சாயப்பட்டறையில் எவனாவது நூலில் ஏற்றிவிட்டால் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். அவை பாறையைக் கடித்தன. காதை வள்ளத்தின் பலகையில் வைத்தால் நறுக், நறுக் என்று சத்தம்கூடக் கேட்டது.

"அது என்னண்ணே?"

"கிளிமீன். வாயைப் பாருங்க, கிளி மூக்கு. கல்லைத்தான் திங்கும்."

"கல்லைத் தின்னா எப்படிச் செரிக்கும்?"

"செரிச்சதுதான் கீழ கெடக்கே. அந்த மணல் அம்புட்டும் அது வயித்துல இருந்து வந்ததுதான்."

என்னை வெளியூர்க்காரன் என்று கேலி செய்கிறார் என்று நினைத்தேன். உண்மையா என்று மச்சானைக் கேட்க வாய் வரை வந்துவிட்டது. பூட்டு ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்குப் பேச்சு நின்றுபோனதன் நஷ்டம் முதன்முதலாக உறைத்தது. அதிசயம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் பார்த்தீர்களா என்று சொல்ல முடியவில்லை.

தூண்டில் என்றால் அங்கே கழி கிடையாது. கட்டையில் சுற்றிய நரம்பு, நுனியில் ஈயக் குண்டு, முள்ளில் கணவாய் மீன் துண்டு. நரம்பை ஆள்காட்டி விரல்மேல் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். விரல்தான் தக்கை. இது எனக்கு வாகாக இருந்தது. நூல் இழுவையை விரலால் படிப்பதுதானே என் தொழில். பத்து நிமிடத்தில் கீழே முள் மணலில் இருக்கிறதா பாறையில் இருக்கிறதா என்று சொல்ல முடிந்தது. இரண்டு முள்ளைப் பாறைக்குக் காவு கொடுத்தேன், ஒரு விளமீன் எடுத்தேன். வெள்ளிப் பளபளப்பில் மூக்கோரம் நீலக் கோடுகள். கையில் வைத்திருக்கும்போதே அந்த நீலம் மங்கியது. மார்க்கெட்டில் நான் பார்த்ததெல்லாம் இதன் மிச்சம்தான் என்று புரிந்தது. மச்சான் அதற்குள் ஐந்து எடுத்திருந்தார். ஒவ்வொன்றையும் எனக்குத் தெரிகிற மாதிரி கூடையில் போட்டார்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது என் விரலில் அது வந்தது. கொத்தலோ கடியோ இல்லை. யாரோ நரம்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பியது போன்ற கனம். பிறகு ஒரே இழுப்பு.

ஒரு நெசவாளி என்ன செய்வானோ அதை நான் செய்தேன். பாவு நூல் இழுவை தாங்காமல் விறைத்தால் கை தானாகத் தளர்த்திவிடும். இழை அறுந்தால் வேலை நிற்கும். அறுவதற்கு முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து விரலில் ஊறிய புத்தி. நரம்பு விறைத்ததும் நான் விட்டேன். ஒரு பாகம், இரண்டு பாகம்.

"விடாத மாப்ள! விடாத! பிடிச்சு இழு! பொந்துக்குள்ள போயிரும்லே!"

மச்சான்தான். எழுந்து நின்று கத்தினார். வள்ளம் ஆடியது. நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். அவரும் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்பது போல நின்றார். அந்த ஒரு கணத்தில் மீன் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நரம்பு பாறையைக் கட்டி இழுப்பதுபோல நின்றது. அப்புறம்தான் புத்தி வந்து இரண்டு கையாலும் இழுத்தேன். நரம்பு ஆள்காட்டி விரலை அறுத்து ரத்தம் வந்தது.

"இழுக்காதீங்க" என்றார் வள்ளக்காரர். "கலவா. பெரிசு. பொந்துக்குள்ள போயி செவுளை விரிச்சு இறுக்கிக்கிட்டு நிக்கும். இழுத்தீங்கன்னா நரம்புதான் போகும். தொளதொளன்னு விட்டுட்டு உக்காந்திருங்க. அதுவா வெளிய வரும், வந்ததும் மூச்சுவிடாம இழுத்துரணும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"செத்த நேரத்துலயும் வரும். ஒரு மணி நேரமும் ஆகும். அதுக்கு வீம்பு ஆறணும்ல."

மீனைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வள்ளத்தின் முன்முனைக்கு, அணியத்துப் பக்கம் போய், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

நரம்பைத் தளர்வாக விரலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே மச்சான். முதலில் பேசியது அவர்தான்; அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் அடக்கிக்கொண்ட வெகு சில வார்த்தைகளில் அது ஒன்று. மச்சான் குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்து என் விரலில் ஊற்றினார். தன் கைக்குட்டையைக் கிழித்து, நரம்பு அசையாதபடி, காயத்தைச் சுற்றிக் கட்டினார். முடிச்சு எங்கள் தறி முடிச்சு, இழுத்தால் இறுகுகிற முடிச்சு.

கட்டி முடித்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு உனக்காக நான் ரெண்டு தடவை ரோட்டுக்கு ஆள் அனுப்புனேன் மாப்ள. எங்க அப்பா ஏசுறாரு, ஆசாரி கைல ஊசியை வச்சுக்கிட்டு நிக்காரு. நேரம் போகுது. உங்க சித்தப்பா மகனை உக்காரச் சொல்லும்போது எனக்கே மனசு வரல. பஸ் நின்னுபோனா நீ என்ன செய்வ. அது உன் தப்பு இல்ல. எனக்கு அது அன்னைக்கே தெரியும்."

எனக்கு முகம் எரிந்தது. வெயிலால் இல்லை. அந்த விரால் இன்றைக்கும் குளத்தில்தான் இருக்கிறது மச்சான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"நீ சாப்பிடாமப் போனதுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கடலைப் பார்த்தார்.

அப்போது விரலில் நரம்பு அசைந்தது.

மெல்ல, ஒரு நூல் அளவு. பிறகு இன்னும் கொஞ்சம். நரம்பு பாறையில் உரசுவது நின்று, தண்ணீரில் வழுக்கிப் போகும் தன்மை வந்தது. வெளியே வந்துவிட்டது. கட்டுக்குள் இருந்த விரலுக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. இப்போது இழுத்தால் என்னுடையது. எவ்வளவு பெரிது, என்ன நிறம், உதடு எப்படி இருக்கும், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். உடம்பு முழுவதும் இழு, இழு என்றது.

"உங்க அக்கா அன்னைக்கு ஏழு மாசம்" என்றார் மச்சான். "இலை போட்டு எல்லாம் வச்சாச்சு. நீ போன வழியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. தம்பி வந்துருவான், கோவம் ஆறுனா வந்துருவான்னு சொன்னா. பந்தி முடிஞ்சு இலை எடுக்குற வரைக்கும் ஒரு பருக்கை எடுக்கல மாப்ள. வயித்துப் புள்ளையோட. அதை நான் எப்படி மறக்க?"

இழுத்தால் அவர் துள்ளி எழுவார். வள்ளக்காரர் எழுவார். கூச்சல், சிரிப்பு, மீன். அந்தப் பேச்சு அறுந்த இடத்தில் அறுந்தே போகும். இப்படிப்பட்ட மனிதர் ஒரு முறைதான் வாய் திறப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படிப்பட்டவன்தான். காது குத்து அன்றைக்கு ஒரு முறை மீன் பக்கம் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது.

நான் இழுக்கவில்லை. அது போகப் போக நரம்பை விட்டுக்கொண்டே இருந்தேன். தளர்ந்த நரம்பில் அது தலையை இரண்டு உதறு உதறியது. பிறகு என் விரலில் ஒன்றுமே இல்லை.

மச்சான் இன்னும் கால் மணி நேரம் பேசியிருப்பார். குழந்தை பிறந்தபோது அக்கா யாரைக் கேட்டாள், காது குத்தாததற்கு அவர் தெருவில் என்ன பேச்சுக் கேட்டார், எல்லாம் சொன்னார். வெறும் நரம்பைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, அப்போதுதான் ஞாபகம் வந்தவராக, "என்ன மாப்ள, இன்னும் உள்ளயேவா இருக்கு?" என்றார்.

"உள்ளதான் இருக்கு மச்சான்" என்றேன்.

மூன்று வருடத்துக்கு அப்புறம் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. பொய்.

வள்ளக்காரர் துண்டை விலக்கிப் பார்த்தார். நரம்பு நீரோட்டத்தில் சும்மா மிதப்பதை அவர் கண் பார்க்காமல் இருக்குமா? என்னைப் பார்த்தார். எழுந்து வந்து நரம்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, விளிம்புக்கு வெளியே குனிந்து, கத்தியால் அறுத்துவிட்டார்.

"இனி இது வராதுண்ணே. காத்து திரும்புது, போவோம்" என்றார். மீன் இல்லாத முள் மேலே வராதபடி பார்த்துக்கொண்டார் என்பது கரை வந்து, என் மூங்கில் கழியை எடுத்துக் கொடுத்துச் சிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த மாதமே, அதே கரட்டடியில் காது குத்து. நான் முதல் நாளே போய்க் கோயில் வாசலில் படுத்துக்கொண்டேன். மடியில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்தபோது குழந்தை என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்த பிறகும் விடவில்லை.

பந்தியில் மச்சான் பரிமாறிக்கொண்டே கலவாக் கதையைச் சொன்னார். கையை விரித்து விரித்துக் காட்டினார். "பிடிச்சு இழுக்கச் சொன்னா விட்டுக் குடுக்கான். நெசவாளி புத்தி போகுமா? இன்னைக்கும் அந்தப் பொந்துக்குள்ளதான் கெடக்கும் அது." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விராலைப் பற்றியும் சொல்லவில்லை, கலவாவைப் பற்றியும் சொல்லவில்லை.

எதிர் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் இலையில் சோறு, குழம்பு எல்லாம் விழுந்து ஆறிக்கொண்டிருந்தது. கை மடியிலேயே இருந்தது. மச்சான் கதையை அவள் கேட்கவில்லை, என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் தன் இலையில் கை வைத்தாள்.